எடை, ஆட்டம், இடம்

கம்பம் பள்ளத்தாக்கில் பொழுது விடியும் முன்பே ஜீப்புகள் புறப்பட்டுவிடும். கூடலூர், கம்பம், போடி என்று ஊர் ஊராக ஆட்களை ஏற்றிக்கொண்டு, குமுளி, கம்பம்மெட்டு, போடிமெட்டு வழியாக இடுக்கி மாவட்டத்து ஏலத்தோட்டங்களுக்குப் போகும். சாயங்காலம் அதே ஆட்களோடு மலை இறங்கும். ஏறுகிறவர்களில் பெரும்பாலோர் பெண்கள். ஓட்டுநருக்குப் பக்கத்தில் இரண்டு பேர் உட்கார்ந்தால், மீதி அத்தனை பேரும் பின்னால்தான். அந்த வண்டிகளில் பல, ஓட்டுகிற பையனைவிட வயதில் மூத்தவை.

ஜீப்போடு கதை முடியவில்லை. தேனி, பெரியகுளம், சின்னமனூர் பக்கம் இன்னும் வீட்டு வாசலில் நிற்கும் அம்பாசடர், வாழைத்தாரும் காய்கறி மூட்டையும் ஏற்றும் ஆம்னி, தாத்தா வாங்கிப் பேரன் ஓட்டும் மாருதி 800 எல்லாவற்றுக்கும் ஒருநாள் பின்பக்கம் பேச ஆரம்பிக்கும்.

"அண்ணே, பின்னாடி கடகடன்னு சத்தம் வருது. ஷாக்க மாத்தி விட்டுருங்க." பட்டறைக்கு வருகிறவர் பெரும்பாலும் நோயைச் சொல்லும் முன்பே மருந்தைச் சொல்லிவிடுகிறார். ஷாக் மாறும், பணம் போகும், பல நேரம் சத்தம் அப்படியே இருக்கும். மூட்டு தேய்ந்திருக்கிறதா, எலும்பு முறிந்திருக்கிறதா என்று பார்க்காமலே மாவுக்கட்டுப் போடுவது போன்ற வேலை அது. பழைய வண்டியின் பின்பக்கக் கோளாறைக் கண்டுபிடிக்க விலையுயர்ந்த கருவி வேண்டாம். அங்கே என்னென்ன வேலை நடக்கிறது என்ற தெளிவு வேண்டும். அந்தத் தெளிவைத் தருவது பள்ளிக்கூட இயற்பியல்தான்.

மூன்று வேலைகள்

பின்பக்க சஸ்பென்ஷனுக்கு வேலை மூன்று. எடையைத் தாங்குவது ஸ்பிரிங்கின் வேலை. மேடுபள்ளத்தில் கிளம்பும் ஆட்டத்தை அடக்குவது ஷாக் அப்சார்பரின் வேலை. பின்னச்சை அதற்குரிய இடத்தை விட்டு நகராமல் பிடித்துக்கொள்வது புஷ், ஷாக்கிள், சென்டர் போல்ட், யூ போல்ட் ஆகியவற்றின் வேலை.

எடை தாங்கும் வேலை கெட்டால் வண்டியின் உயரம் மாறும். ஆட்டம் அடக்கும் வேலை கெட்டால் வண்டி குதித்து நிற்காமல் ஊசலாடும். இடம் பிடிக்கும் வேலை கெட்டால் சத்தமும் இழுப்பும் வரும். எந்தப் புகாரையும் முதலில் இந்த மூன்றில் ஒன்றின் கீழ் கொண்டுவந்து வைத்துவிட வேண்டும். பாதிச் சோதனை அதிலேயே முடிந்துவிடும்.

மீதிப் பாதியில்தான் சிக்கல். ஒபதையா எலியட் என்ற ஆங்கிலேயர் 1804-இல் குதிரை வண்டிக்காகக் காப்புரிமை பெற்ற வில் வடிவ ஸ்பிரிங்கின் வாரிசுதான் நம் அம்பாசடரின் பின்பக்கப் பட்டை. மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு காரை ஒட்டி 1950-களின் கடைசியில் வந்த அம்பாசடர், மேற்கு வங்கத்தின் உத்தர்பாராவில் 2014-இல் உற்பத்தி நிற்கும்வரை பின்பக்கத்தில் பட்டையோடுதான் ஓடியது. ஆம்னிக்கும் பட்டைதான். பழைய ஜீப்புக்கு நான்கு சக்கரத்திலும் பட்டை. இந்தப் பட்டை எடையையும் தாங்குகிறது, அச்சையும் பிடித்துக்கொள்கிறது. பட்டைகள் ஒன்றோடொன்று உரசுவதால் ஆட்டத்தையும் ஓரளவு அடக்குகிறது. ஒரே உறுப்பு மூன்று வேலையிலும் கை வைத்திருப்பதால், அது கெடும்போது அறிகுறிகள் கலந்து வரும். பிற்கால மாருதி 800 போன்ற வண்டிகளில் சுருள் ஸ்பிரிங் எடையை மட்டும் பார்த்துக்கொள்ளும். அச்சைப் பிடிக்கத் தனியாகக் கைகளும் குறுக்குக் கம்பியும் இருக்கும். அங்கே வேலைகள் பிரிந்திருப்பதால் கோளாறைப் பிரித்தறிவதும் சுலபம்.

உயரத்தை அளப்பது

முதல் சோதனைக்கு ஒரு டேப் போதும். வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, சரக்கை இறக்கி, நான்கு டயரிலும் காற்றைச் சரிபார்த்துவிட்டு, பின்பக்கத்தை இரண்டு மூன்று முறை அமுக்கி விட வேண்டும். பட்டைகளுக்கு இடையே உள்ள உராய்வு, வண்டியைத் தன் இயல்பான உயரத்துக்கு வரவிடாமல் பிடித்து வைத்திருக்கும். அமுக்கிவிட்டால் அந்தப் பிடி விடும். பிறகு சக்கரத்தின் நடுப்புள்ளியிலிருந்து மட்கார்டு விளிம்புவரை அளக்க வேண்டும். தரையிலிருந்து அளந்தால் டயரின் தேய்மானமும் கணக்குக்குள் நுழைந்துவிடும்.

இடதுக்கும் வலதுக்கும் ஒரு விரற்கடைக்கு மேல் வித்தியாசம் இருந்தால் கேள்வி கேட்கலாம். அப்போதும் தாழ்ந்திருக்கும் மூலைதான் குற்றவாளி என்று முடிவு கட்டக்கூடாது. அம்பாசடரின் முன்பக்கத்தில் டார்ஷன் கம்பிகள் உண்டு. வலது முன்பக்கக் கம்பி கூடுதலாக முறுக்கி வைக்கப்பட்டிருந்தால் இடது பின்பக்கம் தாழும். நாற்காலியின் ஒரு காலுக்கு அட்டை வைத்தால் எதிர்மூலைக்குத்தான் பாரம் போகும் என்பது நமக்குத் தெரியும். இதைப் பிரித்தறிய, வண்டியின் முன்பக்கத்தைச் சரியாக நடுவில் ஜாக்கி வைத்துச் சற்றே தூக்க வேண்டும். பின்பக்கம் சமமானால் கோளாறு முன்னால். சாய்வு மாறவில்லையென்றால் கோளாறு பின்னால்.

"பட்டைக்கு வயசாயிருச்சு, தளர்ந்துபோச்சு" என்று சொல்வது வழக்கம். எஃகு அப்படித் தளர்வதில்லை. இழுப்புக்கு ஏற்ற விசை என்று ராபர்ட் ஹூக் 1678-இல் வெளியிட்ட விதியில் வரும் விறைப்பு, எஃகின் உள்ளியல்பைச் சார்ந்தது. முப்பது வருடம் ஓடிய பட்டையிலும் அந்த இயல்பு ஏறக்குறைய அப்படியேதான் இருக்கும். மாறுவது வடிவம். தாங்கக்கூடிய எல்லையைத் தாண்டித் திரும்பத் திரும்ப வளைந்த பட்டை தன் பழைய வளைவுக்குத் திரும்புவதில்லை. வண்டி தாழ்ந்து நிற்கும். ஆனால் அது மென்மையாகிவிடவில்லை.

உண்மையிலேயே விறைப்பு குறைவது வேறொரு வழியில்: துரு. பட்டையின் விறைப்பு அதன் தடிமனின் மூன்றாம் படியைப் பொறுத்தது. 6 மில்லிமீட்டர் பட்டை துருவாலும் உரசலாலும் 5.5 மில்லிமீட்டர் ஆனால், தடிமனில் போனது பன்னிரண்டில் ஒரு பங்கு. விறைப்பில் போனது 23 சதவீதம். அதே பாரத்துக்கு எஃகின் மேல் ஏறும் அழுத்தம் 19 சதவீதம் கூடிவிடும். அரை மில்லிமீட்டரின் விலை இது.

கூடுதல் பட்டை தீர்வா?

தாழ்ந்த வண்டிக்குப் பலர் கேட்பது கூடுதலாக ஒரு பட்டை. ஐந்து பட்டை ஆறானால் விறைப்பு ஏறத்தாழ 20 சதவீதம் கூடும். உயரமும் கிடைக்கும். ஆனால் அச்சும், சக்கர பேரிங்கும், பிரேக்கும், டயரும் பழைய அளவிலேயே இருக்கின்றன. பாரம் தாங்கும் எல்லையை உயர்த்தியதாக ஓட்டுநருக்குத் தோன்றும். உண்மையில் பாரம் கூடிவிட்டது என்று எச்சரித்துக்கொண்டிருந்த ஒரே அறிகுறியைத்தான் மறைத்திருக்கிறோம்.

மலைச்சாலையில் அந்தப் பாரம் எங்கே போகிறது என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். அச்சுகளுக்கு இடையே 2.4 மீட்டர் உள்ள ஒரு ஜீப்பில், பின்னிருக்கைகளில் 55 கிலோ வீதம் பத்துப் பேர். மொத்தம் 550 கிலோ. அவர்களின் எடை மையம் பின்னச்சுக்கு 20 சென்டிமீட்டர் பின்னால் விழுந்தால், நெம்புகோல் விதிப்படி பின்னச்சில் ஏறுவது 596 கிலோ. முன்னச்சிலிருந்து 46 கிலோ குறைகிறது. ஆள் ஏறினால் ஸ்டியரிங் லேசாகிவிடுகிறது என்று ஓட்டுநர்கள் சொல்வது இதைத்தான்.

ஏற்றத்தில் பாரமெல்லாம் பின்னால் சாய்ந்துவிடும் என்பது பொதுவான எண்ணம். மொத்தம் 2000 கிலோ எடை, தரையிலிருந்து 70 சென்டிமீட்டர் உயரத்தில் எடை மையம், 15 மீட்டருக்கு ஒரு மீட்டர் ஏற்றம் என்று கொண்டால் பின்னால் நகர்வது சுமார் 40 கிலோ. ஒரு ஆள் எடைகூட இல்லை. கொண்டை ஊசி வளைவின் கணக்கு வேறு. 10 மீட்டர் ஆரமுள்ள வளைவை மணிக்கு 15 கிலோமீட்டர் வேகத்தில் திரும்பும்போது, இடவலச் சக்கரங்களுக்கு இடையே 1.3 மீட்டர் உள்ள வண்டியில் உள்பக்கச் சக்கரங்களிலிருந்து வெளிப்பக்கத்துக்கு மாறுவது சுமார் 190 கிலோ. இறக்கத்தில் வேகம் 20 ஆனால் அது 340 கிலோ. வேகம் மூன்றில் ஒரு பங்கு கூடியது. மாறும் பாரம் முக்கால் மடங்குக்கு மேல் கூடிவிட்டது. வேகத்தின் இருபடியில் ஏறும் கணக்கு இது. வளைவுக்கு வளைவு இந்தப் பாரம் இடமும் வலமும் மாறி மாறி விழுவதால்தான் மலை ஓடும் வண்டிகளில் பட்டையும் புஷ்ஷும் சீக்கிரம் போகின்றன.

ஆட்டத்தைப் படிப்பது

பின்பக்கத்தை அமுக்கிவிட்டால் ஒன்றரை ஆட்டத்துக்குள் வண்டி நிற்க வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரிந்த சோதனை. அதற்குமேல் ஆடினால் ஷாக் போய்விட்டது என்று உறுதியாகச் சொல்லலாம். உடனே நின்றுவிட்டால் ஷாக் நன்றாக இருக்கிறது என்று சொல்ல முடியாது. பட்டைகளின் உராய்வே ஆட்டத்தை நிறுத்தியிருக்கலாம். துருப்பிடித்த பட்டையில் செத்துப்போன ஷாக்கும் இந்தச் சோதனையில் தேறிவிடும்.

ஆள் இல்லாத வண்டியில் சோதிப்பதும் போதாது. தன் எடைக்கு 10 சென்டிமீட்டர் அமுங்கும் ஸ்பிரிங், வினாடிக்கு 1.6 முறை ஆடும். ஆள் ஏறி 18 சென்டிமீட்டர் அமுங்கினால் வினாடிக்கு 1.2 முறையாகக் குறையும். அதோடு ஷாக்கின் அடக்கும் திறனும் பாரத்தோடு ஒப்பிட நான்கில் ஒரு பங்கு குறைந்துவிடும். காலி வண்டியில் ஒப்பேற்றிக்கொண்டிருந்த ஷாக், ஆள் ஏறியதும் கைவிடுவது இதனால்தான். ஓட்டுநரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி, "காலியா வரும்போதா, ஆள் ஏத்துனப்புறமா?" என்பதே.

இன்னொரு ஆட்டம் கண்ணுக்குத் தெரியாது. மேற்கூடு மெதுவாக ஆடும்போது, கீழே சக்கரமும் அச்சும் டயருக்கும் ஸ்பிரிங்குக்கும் இடையில் வினாடிக்குப் பத்து முறைபோலத் துடிக்கும். ஒரு மீட்டருக்கு ஒரு வரப்பாக அலையடித்துக் கிடக்கும் மண்பாதையில் மணிக்கு 36 கிலோமீட்டர் வேகத்தில் போனால், வினாடிக்குப் பத்து இடி. இரண்டும் ஒத்துப்போய் சக்கரம் தரையைவிட்டு எழும்ப ஆரம்பிக்கும். தரையில் படாத டயருக்குப் பிரேக்கும் இல்லை, பிடிப்பும் இல்லை. இந்தத் துடிப்பின் தடயம் டயரில் இருக்கும். வண்டி நிற்கும்போது உள்ளங்கையை டயரின் மேல் சுற்றிலும் தடவிப் பார்த்தால், பள்ளமும் திட்டுமாக அலை அலையாகத் தட்டுப்படும். அப்படி இருந்தால் முதல் சந்தேகம் ஷாக்கின் மேல்.

ஷாக்கின் வேலை அசைவை வெப்பமாக மாற்றுவது. உள்ளே எண்ணெய் சிறு துளைகள் வழியாகப் பிதுங்கி ஓடிச் சூடாகிறது. போடிமெட்டிலிருந்து ஏறத்தாழ ஆயிரம் மீட்டர் இறங்கி முந்தலில் வண்டியை நிறுத்தியதும், இரண்டு பின்பக்க ஷாக்கின் உடலையும் புறங்கையால் தொட்டுப் பாருங்கள். இரண்டும் ஒரே மாதிரி இளஞ்சூடாக இருக்க வேண்டும். ஒன்று சூடாகவும் மற்றது குளிர்ந்தும் இருந்தால், குளிர்ந்தது வேலை செய்யவில்லை. சைலன்சர் குழாய் ஓடும் பக்கம் சற்றுக் கூடுதல் சூடு இயல்பு. அதைக் கழித்துவிட்டுப் பார்க்க வேண்டும். பிரேக் டிரம் கொதித்துக்கொண்டிருக்கும், அதில் கை படக்கூடாது.

உடல் முழுக்க எண்ணெய் வழிந்து புழுதி அப்பியிருந்தால் சீல் போய்விட்டது. மேல்பகுதியில் லேசான ஈரக்கசிவு மட்டும் இருந்தால் அது கோளாறாக இருக்க வேண்டியதில்லை. சந்தேகம் தீரவில்லையென்றால் கீழ் போல்ட்டைக் கழற்றிக் கையால் இழுத்துத் தள்ளிப் பார்க்கலாம். திசை மாறும்போது ஒரு கணம் பிடிப்பே இல்லாமல் வெறுமையாக நகர்ந்தால் உள்ளே வால்வு பழுது, அல்லது எண்ணெய் குறைந்து காற்று புகுந்துவிட்டது.

இடம் மாறிய அச்சு

முன்பக்க அலைன்மென்ட் பார்த்தாகிவிட்டது, ஆனாலும் நேர்சாலையில் ஸ்டியரிங் சற்றுக் கோணியே நிற்கிறது. மறுபடி அலைன்மென்ட், மறுபடி அதே கோணல். இந்தப் புகாரில் பின்னச்சைச் சந்தேகிப்பவர் குறைவு. சென்டர் போல்ட் அறுந்தால், அச்சு பட்டையின் மேல் முன்னோ பின்னோ வழுக்கும். ஒரு பக்கம் 5 மில்லிமீட்டர் நகர்ந்தால் பின்னச்சு கால் பாகை அளவுக்குத் திரும்பிவிடும். சிறிய கோணம்தான். ஆனால் வண்டியைப் பின்னாலிருந்து ஒருவர் ஓயாமல் திருப்பிக்கொண்டே இருப்பதற்கு அது சமம். முன்னால் ஓட்டுநர் அதை எதிர்த்துப் பிடித்துக்கொண்டே ஓட்டுவார்.

சோதனை எளிது. ஸ்டியரிங்கை நேராக வைத்து, முன்சக்கர மையத்திலிருந்து பின்சக்கர மையம்வரை இரு பக்கமும் அளந்து ஒப்பிடுங்கள். டேப் இல்லையென்றால் தேங்கிய தண்ணீரில் நேராக ஓட்டிக் காய்ந்த தார்ச்சாலைக்கு வந்து, டயர் தடங்களைப் பாருங்கள். பின்சக்கரத் தடம் முன்சக்கரத் தடத்துக்கு இரு பக்கமும் ஒரே அளவில் அமைய வேண்டும். ஒரு பக்கமாக ஒதுங்கியிருந்தால் வண்டி நண்டு மாதிரிப் பக்கவாட்டில் ஓடுகிறது.

கிளட்ச் விட்டு ஏற்றத்தில் கிளம்பும்போது 'டக்'கென்று ஒரே ஒரு சத்தம் வந்தால், சந்தேகத்துக்கு இரண்டு பேர்: புரொப்பெல்லர் ஷாஃப்ட்டின் கிராஸ், அல்லது தளர்ந்த யூ போல்ட். சக்கரங்களுக்குக் கட்டை வைத்து ஷாஃப்ட்டைக் கையால் முறுக்கினால் கிராஸின் ஆட்டம் தெரிந்துவிடும். யூ போல்ட்டைப் பற்றி அதன் அடியில் உள்ள பொடி சொல்லும். இறுகப் பிடித்த இடத்தில் புழுதியும் கிரீசும் ஒரே படலமாக உறைந்திருக்கும். தளர்ந்த இடத்தில் எஃகும் எஃகும் நுண்ணளவில் உரசி, செம்பழுப்பு நிறத்தில் மெல்லிய துருப்பொடி கசிந்திருக்கும். விரலால் தொட்டால் குங்குமம்போல் ஒட்டும். அந்தப் பொடி இருக்கும் இடத்தில் அசைவு இருக்கிறது.

கீச்சென்ற சத்தத்துக்குச் சோப்புத் தண்ணீர் போதும். ஒரு நேரத்தில் ஒரு புஷ்ஷை மட்டும் நனைத்து வண்டியை ஆட்டிப் பாருங்கள். எதை நனைத்தபோது சத்தம் மாறுகிறதோ அதுதான் ஆள். எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் நனைத்தால் சத்தம் போகும், தகவலும் போய்விடும். சின்னக் கற்களில் மெதுவாகப் போகும்போது மட்டும் கடகடப்பு வந்தால் பெரும்பாலும் ஷாக்கின் முனையில் உள்ள புஷ் தேய்ந்திருக்கும். மேடுபள்ளத்தோடு சம்பந்தமில்லாமல் வேகத்தோடு ஏறும் ஊளைச்சத்தம் பேரிங்கையோ கிரவுன் பினியனையோ சேர்ந்தது. அதற்காக சஸ்பென்ஷனைப் பிரிக்க வேண்டாம்.

புது ரப்பர் புஷ் மாட்டும்போது ஒரு விதி உண்டு. வண்டியை ஜாக்கியில் தொங்கவிட்டு போல்ட்டை இறுதியாக முறுக்கக்கூடாது. இறக்கி, சக்கரத்தில் எடை நின்ற பிறகே முறுக்க வேண்டும். இல்லையென்றால் ரப்பர் நிற்கும் நிலையிலேயே முறுகிக் கிடந்து சீக்கிரம் கிழிந்துவிடும்.

உடைந்த பட்டையைத் தூக்கிப்போடும் முன்

பட்டை உடைந்தால், கடைசியாக ஏறிய வேகத்தடையைத் திட்டுவோம். ஜெர்மன் பொறியாளர் ஆகஸ்ட் வோலர் 1850, 60-களில் ரயில் அச்சுகளை வைத்துச் செய்த சோதனைகள் வேறொன்றைச் சொல்கின்றன. ஒரே இடியில் உடைக்க முடியாத எஃகையும், சிறிய பாரத்தைப் பல லட்சம் தடவை மாற்றி மாற்றிக் கொடுத்து உடைத்துவிடலாம். உலோகக் களைப்பு என்பது இதுதான். மேற்பரப்பில் ஒரு துருக்குழியிலோ, சென்டர் போல்ட் துளையின் ஓரத்திலோ மயிரிழை விரிசல் தொடங்கும். ஒவ்வொரு மேட்டிலும் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே நகரும். மிச்சமிருக்கும் எஃகால் தாங்க முடியாத நாளில் அறுந்துபோகும்.

உடைந்த முகத்தை வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள். ஒரு பகுதி வழுவழுப்பாகவும் கறுத்தும், கரையில் அலை விட்டுப்போன கோடுகள்போல வளைவு வளைவான வரிகளோடும் இருக்கும். அது பழைய விரிசல். மற்றப் பகுதி சர்க்கரைத் தூள்போல மினுமினுக்கும். அது இன்றைக்கு உடைந்தது. கறுத்த பகுதி பெரிதென்றால் விரிசல் பல நாளாக வளர்ந்திருக்கிறது. கம்பி பிரஷ்ஷால் தேய்த்துப் பார்த்திருந்தால் முன்பே தெரிந்திருக்கும். ஏறக்குறைய முழுவதும் மினுமினுத்தால் காரணம் அளவு மீறிய பாரம்.

சென்டர் போல்ட் துளையில் உடைந்திருந்தால் யூ போல்ட்டைத்தான் முதலில் விசாரிக்க வேண்டும். இறுகிய யூ போல்ட்டுக்கு நடுவே உள்ள பட்டை வளையாது. தளர்ந்தால், துளையிட்டு ஏற்கெனவே பலவீனமான அந்த இடம் ஒவ்வொரு மேட்டிலும் வளையும். பட்டையை மட்டும் மாற்றி யூ போல்ட்டைச் சரிசெய்யாமல் விட்டால், புதுப் பட்டையும் அதே இடத்தில் உடையும். புதிதாக மாட்டிய பட்டைகள் சில நாள் ஓட்டத்தில் ஒன்றன்மேல் ஒன்று படிந்துவிடும். ஆகவே யூ போல்ட்டை மறுபடியும் ஒருமுறை முறுக்குவது கட்டாயம்.

பார், அள, பிறகு மாற்று

வரிசை இதுதான். வண்டியின் அடியில் போய்ப் பார்ப்பது, உயரத்தையும் அச்சின் இடத்தையும் அளப்பது, ஆள் ஏற்றியும் ஏற்றாமலும் ஓட்டிக் கேட்பது, சந்தேகப்பட்ட ஒன்றை மட்டும் தனிமைப்படுத்திச் சோதிப்பது, கடைசியில்தான் பாகம் மாற்றுவது. பாகம் மாற்றிக் கோளாறைத் தேடுவது பட்டறைக்கு லாபம், வண்டிக்காரருக்கு நட்டம்.

சொந்தக் காரில் இது பணத்தோடு முடியும். ஆள் ஏற்றும் வண்டியில் அப்படியில்லை. தோட்டத் தொழிலாளர்களை ஏற்றிய ஜீப் மலைச்சாலையில் கவிழ்ந்தது என்ற செய்தி தேனி மாவட்டத்துக்குப் புதிதல்ல. அச்சைப் பிடித்திருக்கும் மெயின் பட்டையும் யூ போல்ட்டும் கொண்டை ஊசி வளைவில் கைவிட்டால், ஓட்டுநரின் திறமையால் செய்யக்கூடியது மிகக் கொஞ்சம். ஆகவே வண்டிக்காரர்களுக்கும், வண்டி அமர்த்தும் தோட்டக்காரர்களுக்கும் ஒரு வேண்டுகோள். ஜூன் மாதம் தென்மேற்குப் பருவமழை தொடங்கும் முன், ஒவ்வொரு ஜீப்பின் பின்பட்டையையும் தேய்த்துத் துடைத்து விரிசல் பாருங்கள், நான்கு யூ போல்ட்டையும் முறுக்கிப் பாருங்கள், அளவுக்கு மேல் ஆள் ஏற்றுவதை நிறுத்துங்கள். கூடுதல் பட்டை எதுவும் இந்த மூன்றுக்கும் மாற்றாகாது.